பூசணிக்காயும் அடகுபோன காப்பும்

கேள்வி: நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில் வசிக்கும் ஆசிரியை. அயலில் உள்ள சைவ அக்கா ஒருவர் நடத்தும் சீட்டில் மாதம் 5,000 ரூபா கட்டுகிறேன். இரண்டாவது சீட்டையே எடுத்து வீட்டுக் கூரையைத் திருத்தினேன். அதன் பிறகு மூன்று மாதக் காசு பிந்திவிட்டது. அக்கா தன் காப்பை அடகு வைத்துச் சமாளித்தார். இதற்கிடையில் எங்கள் சபையின் அறுவடை விழா ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 12,000 ரூபாவுக்கு எடுத்தேன். மறுநாள் அவர் வேலியோரம் நின்று, "கடன் குடுக்க வேணுமெண்டு உங்கட வேதத்தில இல்லையாகா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். எங்களோடு கரோல் பாட வந்துகொண்டிருந்த தன் மகளையும் மறித்துவிட்டார். என் ஒருத்தியின் பிழைக்காக ஆண்டவருடைய நாமம் இகழப்படலாமா? கெட்டுப்போன சாட்சியை எப்படி மீட்பது?

பதில்: அன்புச் சகோதரி,

இடம் போதாமையால் உங்கள் கடிதத்தைச் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் உங்கள் வெட்கத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். சீட்டை எடுத்த ஒருவர் காசு கட்டாமல் விட்டால், அந்த மாதம் சீட்டு விழுந்தவருக்கு முழுத் தொகையையும் கொடுக்க வேண்டிய பொறுப்பு சீட்டை நடத்துகிறவருடைய தலையில்தான் விழும். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நாளைக்கும் அவரிடம் நாலு பேர் சீட்டுக்கு வர வேண்டுமென்றால் சொன்ன திகதியில் காசு கைமாறியாக வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுக் கூரைக்காகவே அவருடைய கை வெறுங்கையானது. அடகுக் கடையில் அந்தக் காப்புக்கு இன்றைக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில்தான் பூசணிக்காய் வந்து சேர்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாதென்பது எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் எடுத்து ஓட்டோவில் கொண்டுவந்து வளவுக்குள் இறக்கிய பூசணிக்காயை வேலியால் மட்டும் மறைத்துவிட முடியுமா? அறுவடை விழா ஏலத்தில் காயின் விலையை எவரும் பார்ப்பதில்லை, அது காணிக்கை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும் (நானும் ஒரு முறை ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு வெட்கமில்லாமல் விலை ஏற்றியவள்தான்). ஆனால் அக்காவின் கண்ணுக்கு அது 12,000 ரூபா. கட்டாமல் விட்ட 15,000இல் பெரும்பகுதி. அவர் கேட்ட கேள்விக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவரைச் சங்கீதம் 37:21 எந்தப் பெயரால் அழைக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பலிபீடத்தண்டை காணிக்கை கொண்டுவந்தவர் அதை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டுமென்று மத்தேயு 5:23-24 சொல்கிறது. அந்தப் பகுதியை நீங்கள் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருப்பீர்கள்.

ஒருத்தியின் பிழைக்கு மதத்தை இழுப்பது நியாயமா என்று கேட்கிறீர்கள். நியாயமில்லைதான். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வேதாகமத்தை ஒரு நாளும் திறந்து பார்த்திராத அயலவர், பக்கத்து வளவில் இருக்கும் வேதக்காரரைப் பார்த்துத்தானே அதில் என்ன எழுதியிருக்கும் என்று கணிப்பார்? இந்தக் கணிப்பு நல்ல விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கி, 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போன இயூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் பற்றி என்னோடு பேசிய சைவப் பழைய மாணவர்கள், அவருடைய பிரசங்கம் எதையும் நினைவுகூர்ந்ததில்லை. பேசியதெல்லாம் அந்த மைதானத்தைப் பற்றித்தான்.

ஆனாலும் "சாட்சியை மீட்பது" என்ற உங்கள் சொல் எனக்கு உவப்பாக இல்லை. சபையின் பெயருக்காகக் காசைக் கொடுத்தால், அதையும் அக்கா மோப்பம் பிடித்துவிடுவார். கொடுக்க வேண்டியது, கொடுக்க வேண்டியது என்பதனால் மட்டுமே கொடுங்கள். மூன்று மாதக் காசோடு காப்புக்கு ஏறிய வட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்; வேண்டாமென்று அவர் மறுத்தால் அடகுத் துண்டை வாங்கிக்கொண்டு நீங்களே போய்க் காப்பை மீட்டுக் கொடுங்கள். கையில் காசு இல்லையென்றால் ஆசிரியர் கடனோ உங்கள் சங்கிலியோ இருக்கிறது. அவருடைய காப்பு போன இடத்துக்கு உங்களுடைய சங்கிலி போகக் கூடாதென்று சட்டம் எதுவும் இல்லை. போதகரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வசனம் சொல்லாதீர்கள். கேக் தட்டமும் வேண்டாம். "பிழை என்னில்தான் அக்கா" என்ற ஒரு வசனம் போதும். ஆனால் அவர் நாலு பேர் முன்னிலையில் கேட்டதனால், நீங்களும் வேலியோரத்தில், நாலு பேர் இருக்கும் நேரத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

மகளைக் கரோலுக்கு அனுப்பும்படி மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அந்தத் தாயின் விருப்பம். காசு கொடுத்த கையோடு அதைக் கேட்டால் கொடுத்ததற்கு விலை கேட்பது போலாகிவிடும். இந்த வருடம் ஒரு குரல் குறைவாகப் பாடுங்கள்.

அடுத்த சீட்டு 10ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதக் காசையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, 9ஆம் திகதி பின்னேரமே போய்விடுங்கள்.