ஒன்பது வயது லாப்ரடார் காலையில் எழவே தடுமாறுகிறது: இது மூப்பா, மூட்டுவலியா?

உங்கள் லாப்ரடாருக்கு ஒன்பது வயது. காலையில் எழும்போது பின்னங்கால்கள் விறைத்துக்கொள்கின்றன, பத்தடி நடந்ததும் சரியாகிவிடுகிறது, முனகுவதோ கத்துவதோ இல்லை. அதனால் இது வெறும் மூப்புதானா, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவன் அல்ல. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கிழட்டு லாப்ரடாரோடும் அதன் இடுப்பு மூட்டுகளோடும் குடித்தனம் நடத்துகிறவன். நாயின் பெயர் சீசர்.

மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரல் கெடும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனும் குறையும். டாக்டர்கள் சில சமயம் எடை பார்த்து அதை எழுதுவது உண்டு. அந்தக் கணக்கு அவர்களுடையது. நமக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மருந்துக்கடையில் வாங்கி விழுங்குகிறோமே, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அவை இன்னும் மோசம். வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக இழுத்துவிடும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை இந்தியா 2006இல் தடை செய்ததே பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்றத்தான். அந்த மருந்து ஏறிய மாட்டுச் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஒரு பிராணிக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு என்னவாக இருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் சொன்ன அடையாளம், அதாவது படுத்து எழும்போது விறைப்பு, கொஞ்சம் நடந்ததும் தளர்வு, மூட்டுத் தேய்மானத்துக்கே உரியது. வயது என்பது நோய் அல்ல. ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி நாம் விட்டுவிடுவதால் பல நாய்கள் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளை வலியோடு கழிக்கின்றன. கத்தவில்லையே என்கிறீர்கள். திடீரென்று காலை மிதித்துவிட்டால் நாய் கத்தும். நாள்பட்ட வலிக்கு அது கத்துவதில்லை, செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடும். ஆகவே நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு, என்ன செய்வதை நிறுத்திவிட்டது என்றும் யோசித்துப் பாருங்கள்.

மொட்டை மாடிக்கு உங்களுக்கு முன்னால் ஓடியது இப்போது கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்கிறதா? ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் தானே ஏறி நின்றது இப்போது தூக்கிவிடச் சொல்லிப் பார்க்கிறதா? கேட் சத்தத்துக்கு வாசல்வரை வந்தது படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுகிறதா? ஆண் நாய் என்றால் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டதா, அல்லது ஒரு பக்கம் மட்டும் தூக்குகிறதா? மலம் கழிக்கக் குந்தி நிற்க முடியாமல் நடந்துகொண்டே போடுகிறதா? எங்கள் சீசர் விஷயத்தில் இதை முதலில் கவனித்தது என் மாமியார். “மாப்ளே, இவன் ஒரு இடத்துல நின்னு போக மாட்டேங்கறான், பாத்தீங்களா?” என்றார். எக்ஸ்ரே பிற்பாடுதான் வந்தது.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். பின்னங்கால்களை உடம்புக்கு அடியில் மடக்காமல் ஒரு பக்கமாக நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்காலிலோ இடுப்பிலோ ஏதோ இருக்கிறது. எழும்போது முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறதா? படி ஏறும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயலைப் போலத் தாவுகிறதா? இரண்டும் இடுப்பைக் காட்டும். முன்னங்காலில் வலி என்றால் தலை காட்டிக்கொடுக்கும்: வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். பின்னால் நின்று இரண்டு தொடைகளையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மெலிந்திருந்தால் அந்தக் காலில் பாரத்தைப் போடாமல் நாய் வெகுநாளாகச் சமாளித்து வருகிறது என்று பொருள். ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, இடுப்பில் கை பட்டால் திரும்பி முறைப்பது, குழந்தைகளிடம் திடீரென்று சிடுசிடுப்பது, இவையும் குணக்கேடு அல்ல.

மருத்துவமனை மேஜையைப் பார்த்ததும் நாய்க்கு வரும் பதற்றத்தில் நொண்டல் மறைந்துவிடும். நீங்கள் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால் காலையில் அது எழும் காட்சியையும், தெருவில் உங்களை நோக்கி நடப்பதையும், விலகிப் போவதையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு சந்தேகத்தை மட்டும் முன்னதாகவே தீர்த்துக்கொள்ள வேண்டும்: உண்ணிக் காய்ச்சல். நம் பக்கத்தில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் கிருமி சில நாய்களுக்கு மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டல் இடம் மாறும். கூடவே காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு, சில நேரம் மூக்கில் ரத்தம். இது தேய்மானம் அல்ல, ரத்தப் பரிசோதனையில் தெரியும், நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். இளம் நாய் திடீரென்று நொண்டினால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். நொண்டும் நாய்க்கெல்லாம் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றும் பழக்கம் எங்கள் தெருவில் உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதிலும் பெரிய இனக் குட்டிகளுக்கு அளவில்லாமல் கால்சியம் கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கோணிவிடும்.

மூட்டுத் தேய்மானம் என்று உறுதியானால், எல்லாவற்றுக்கும் முன்னால் எடை. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வேலூரில் நான் பார்க்கும் வீட்டு லாப்ரடார்களில் ஒழுங்கான எடையில் இருப்பவை அபூர்வம். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2002இல் வந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சாப்பாடு, மறுபாதிக்கு அதில் கால் பங்கு குறைவு. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்கூட உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்குவதற்குள்ளேயே நன்றாக நடக்கத் தொடங்கும். இந்த அளவுக்குப் பலன் தரும் மாத்திரை எதையும் நான் கண்டதில்லை, இதற்குக் காசும் ஆகாது.

விலா எலும்புகளின் மேல் விரல்களை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதுபோலத் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தொட்டதுபோல் மெத்தென்று இருந்தால் குண்டு. மேலே நின்று பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். எடை பார்க்க நாங்கள் சீசரை அரிசி மண்டி எடைமேடையில் நிறுத்துவோம். மண்டிக்காரர் சிரிப்பார், நிறுத்துக் கொடுத்துவிடுவார். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் இறங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம். சோற்றைக் கண்ணளவில் போடாமல் ஆழாக்கில் அளந்து போடுங்கள். குறைத்த சோற்றுக்குப் பதிலாக வேகவைத்த பூசணி, பீன்ஸ் சேர்த்தால் வயிறு நிறையும். கண்டிக்க வேண்டியது நாயை அல்ல, வீட்டு மனிதர்களை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்ப் பிரியாணி மிச்சம், காலையில் டீயில் நனைத்த பொறை, மாலையில் பிஸ்கட் என்று ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தால் ஆழாக்குக் கணக்கு எங்கே நிற்கும்? பிரியாணியிலும் தாளிச்சாவிலும் இருக்கும் வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பது வேறு.

இந்த இடத்தில் முடக்கத்தான். நம் ஊரில் மூட்டுவலி என்றதும் யாராவது ஒரு கட்டு முடக்கத்தான் கீரையோடு வந்துவிடுவார்கள். மனிதர்கள் தோசையாகவோ ரசமாகவோ தாராளமாகச் சாப்பிடட்டும். அந்த ரசத்திலும் பூண்டு இருக்கிறது, நாய்க்கு வேண்டாம். வலித் தைலமும் வேண்டாம். தடவிய அடுத்த நொடியே நக்கிவிடும், கற்பூரமும் தைலத்தில் இருக்கும் சாலிசிலேட்டும் உள்ளே போனால் விஷம். அதற்குப் பதில் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டு, விறைத்த மூட்டின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். மார்கழிப் பனிக் காலத்தில் சீசருக்கு இது இல்லாமல் பொழுது விடியாது. புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு மட்டும் சூடு கூடாது, துணியில் சுற்றிய ஐஸ்தான்.

அடுத்தது தரை. புது வீடுகளில் எல்லாம் வழவழவென்று டைல்ஸ். வலியுள்ள நாய் அதில் ஒவ்வோர் அடியும் வழுக்கிவிடுமோ என்று தசையை இறுக்கிக்கொண்டு நடக்கிறது. அது படுக்கும் இடம், தண்ணீர்க் கிண்ணம், வாசல் மூன்றையும் இணைத்து ரப்பர் அடியுள்ள விரிப்புகளைப் போடுங்கள். வெறும் சாக்கு போட்டால் சாக்கே வழுக்கும். பாதத்துக்கு அடியில் விரல்களின் நடுவே வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். படுக்க ஒரு பழைய பஞ்சு மெத்தை. ஸ்கூட்டரிலிருந்தும் காரிலிருந்தும் குதிக்க விடவே கூடாது, ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முன்னங்கால் மூட்டுகளுக்கு அடி அதிகம்.

நடை வேண்டும், நிறுத்தினால் தசை வற்றி மூட்டு இன்னும் கெடும். ஆனால் ஆறு நாள் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிறன்று கோட்டை மைதானத்தில் பந்து எறிந்து ஓடவிட்டால் திங்கட்கிழமை எழாது. தினமும் இரண்டு மூன்று முறை, கயிற்றில் பிடித்து, சமதரையில், குறைந்த நேரம். பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அழைத்துப் போகாதீர்கள். புதையும் மணலில் காலை இழுத்து வைப்பது வலியுள்ள மூட்டுக்குக் கூடுதல் உழைப்பு. நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். ஆறு மணிக்கு முன்னால் நடந்துவிட வேண்டும். மாலையில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது. கிராமத்தில் உறவினருக்குப் பம்புசெட் தொட்டி இருந்தால், சரிவு அமைத்து, பிடித்துக்கொண்டு நீந்த விடலாம், உடல் பாரம் இல்லாமல் தசைக்கு வேலை. கோட்டை அகழித் தண்ணீரில் இறக்குகிற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

மருந்துக்கு வருவோம். டாக்டர் பெரும்பாலும் மெலாக்ஸிகாம் அல்லது கார்ப்ரோஃபென் எழுதுவார். அதற்குமுன் கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் செலவு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரவே கூடாது, வேறு டாக்டர் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாந்தி, சாப்பிட மறுப்பு, தார்போல் கறுத்த மலம் கண்டால் உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். கூடவே மீன் எண்ணெய் தரச் சொல்லலாம். அதிலிருக்கும் ஒமேகா 3 மூட்டு அழற்சியைக் குறைப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. விளம்பரத்தில் மின்னும் குளுக்கோசமைனுக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. பணத்தை எதில் போடுவது என்றால் நான் மீன் எண்ணெயில் போடுவேன்.

இவையெல்லாம் மெல்ல வரும் வலிக்கு. நேற்றுவரை நடந்த நாய் இன்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றால் முழங்கால் சவ்வு அறுந்திருக்கலாம், லாப்ரடார்களுக்கு இது சகஜம். பின்னங்கால்கள் இழுபட்டால் முதுகுத்தண்டு, அன்றைக்கே போக வேண்டும். ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துக்குக் கொண்டுபோகலாமா என்று என்னையே சிலர் கேட்டிருக்கிறார்கள். அது தடுப்பூசி தயாரிக்கும் இடம். ஊரில் பார்க்கும் டாக்டர் அறுவை சிகிச்சைக்கு வெளியூர் போகச் சொன்னால், 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் நம் பக்கத்தவர் பெரும்பாலும் போகும் இடம். சுமார் 140 கிலோமீட்டர். ரயிலில் நாயை நினைத்த பெட்டியில் ஏற்ற முடியாது என்பதால் கார்தான் வசதி. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறக்கி நடக்க வையுங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேரும்போது விறைத்துப்போயிருக்கும். எக்ஸ்ரேக்கு மயக்க ஊசி போடக்கூடும், எத்தனை மணியிலிருந்து சோறு நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கையில் இருக்கட்டும்.