இச்சிரோ: ஒற்றைக் கோட்டுக்கு அடுத்த எழுத்து எது?

ஜப்பானின் நகோயா நகரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பிரிவுத் தலைவர் இச்சிரோ சான் ('சான்' என்பது நம் 'அவர்கள்' போல மரியாதைச் சொல்) அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். மரப்பலகையில் அவர் பெயரைக் காஞ்சி எழுத்தில் (ஜப்பானியர் எழுதும், சீனத்திலிருந்து வந்த பொருள் தரும் எழுத்துகள்) செதுக்கித் தர ஆசை. தேடினால் இரண்டு விதமாக வருகிறது. எது சரி, அர்த்தம் என்ன?"

இரண்டுமே சரியான பெயர்கள்தான், ஆனால் உங்கள் இச்சிரோ சானுக்கு அதில் ஒன்றுதான் பொருந்தும். அதனால் கடைக்குப் போகும் முன் அவருடைய விசிட்டிங் கார்டை எடுத்து நன்றாகப் பாருங்கள்.

இந்த இரண்டிலும் முதல் எழுத்தில் குழப்பமே இல்லை. படுக்கையாக ஒரே கோடு, 'ஒன்று' என்ற எண். சிக்கல் 'ரோ'வில்தான் இருக்கிறது. இரண்டு ரோக்களுக்கும் இடப்பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், வலப்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கே காது மடல் போல வளைந்திருந்தால் அது 9 கோடுகள் கொண்ட எழுத்து, இளைஞன், ஆண்பிள்ளை என்று பொருள், ஆக மொத்தம் 'முதல் பையன்'. அதே இடத்தில், உள்ளே இரண்டு குறுக்குக் கோடு போட்ட நிலா எழுத்து இருந்தால் 10 கோடுகள், தெளிவு, முகமலர்ச்சி என்று பொருள்.

பழைய வழக்கம் முதல் வகைதான். மூத்தவன் தாரோ அல்லது இச்சிரோ, அடுத்தவன் ஜிரோ, மூன்றாமவன் சபுரோ. நம் வீடுகளில் பெரியவன், நடுவுள்ளவன், சின்னவன் என்று கூப்பிடுகிறோமே, அதே மாதிரி. சாமுராய்களின் இயற்பெயரைப் பிறர் வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு, அதனால் இந்த வரிசைப் பெயர்களே அழைக்கும் பெயராகப் புழங்கின. பழங்காலச் சாமுராய்த் தளபதி யோஷித்சுனே ஒன்பதாவது மகன் என்பதால் 'குரோ' ('கு' என்றால் ஒன்பது). ஒருவருக்கு ஒரே பெயர்தான் என்று 1872இல் மெய்ஜி அரசு ஆணையிட்ட பிறகு அழைக்கும் பெயரையே பலர் பதிவுப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இதை வைத்து 'இச்சிரோ என்றால் வீட்டுக்கு மூத்தவர்' என்று வாழ்த்துரையில் எழுதிவிடாதீர்கள். பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி இரண்டாவது மகன்! அவருடையது நிலா போட்ட ரோ; அண்ணன் பெயரும் அதே ஒற்றைக் கோட்டில்தான் தொடங்குகிறது.

கார்டு கிடைக்கவில்லையா, உடன் வேலை செய்பவரிடம் "ஹோகராகா நோ ரோ தெசு கா, தாரோ நோ ரோ தெசு கா?" என்று கேளுங்கள். 'மலர்ச்சியின் ரோவா, தாரோவில் வரும் ரோவா' என்று அர்த்தம், ஜப்பானியர்களே இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம், குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும். மேலிருந்து கீழாகச் செதுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். கணினியில் தட்டச்சு செய்து கொடுப்பதானால் அந்த ஒற்றைக் கோட்டில் கவனம், கத்தகானாவில் (ஜப்பானியரின் ஒலி எழுத்து வகை) ஒலியை நீட்டும் குறியும் அச்சு அசலாக அப்படியே தெரியும், தவறி அதைப் போட்டுவிட்டால் செங்குத்தாக எழுதும்போது கோடு நிமிர்ந்து நின்றுவிடும்.