எழுப்ப வேண்டாம் என்று சொன்ன அப்பா

கேள்வி: வயது 27. சோழிங்கநல்லூரில் சைபர் செக்யூரிட்டி வேலை. மூன்று வருடமாகப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க ஒரு வெளிநாட்டு வங்கியின் கம்ப்யூட்டர்கள் அனுப்பும் அலர்ட்டுகளை, அதாவது எச்சரிக்கைகளைப் பார்ப்பது, முக்கால்வாசியை 'ஒன்றுமில்லை' என்று மூடுவது, அவ்வளவுதான். எதுவும் நடக்காவிட்டால் யாருக்கும் என்னைத் தெரியாது, நடந்தால் திட்டு. கூடப் படித்தவர்கள் டெவலப்மென்ட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். போன மாதம் அப்பா வேறு 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பலிடம் நாலு லட்சம் ஏமாந்துவிட்டார். நான் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன்; எழுப்ப வேண்டாம் என்றாராம். ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரியும். வீட்டிலும் நிம்மதியில்லை. இந்தத் துறையில் என்ன திருப்தி இருக்கிறது? மாறிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, அலுப்பு, சம்பளம், பாராட்டில்லை என்பதெல்லாம் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வரும் புகார்கள். அப்பா விஷயத்தை நீங்கள் நாலு வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்டுவதாக இல்லை.

போலீஸ் சட்டையில் ஒருவன் வீடியோ காலில் மிரட்டுகிறான். அதே வீட்டில், இதைத் தடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் மகன் தூங்குகிறான். கதவைத் தட்டியிருந்தால், "டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துலயே கிடையாது, போனை வைங்க" என்று முடித்திருப்பீர்கள். யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அந்தக் கும்பலின் முதல் கட்டளை. சரி, அன்றைக்கு அவனுக்குப் பயந்தார். பணம் போன பிறகும் நாலு நாள் வாயைத் திறக்கவில்லையே, அது யாருக்குப் பயந்து? யுபிஐ, ஓடிபி என்று அவர் ஏதாவது கேட்டபோதெல்லாம் "இதுகூடத் தெரியாதா?" என்றுதானே பதில் சொல்லியிருப்பீர்கள்? பெற்றவர் பிள்ளைக்குப் பயப்படும் வீடு எனக்குப் பிடிக்காது, பிள்ளை எவ்வளவு சம்பாதித்தாலும்.

அந்த நாலு நாளின் விலை என்னைவிட உங்களுக்குத் தெரியும். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அழைத்தால், பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. அலுவலகத்திலும் இப்படித்தான் நடக்கிறது. தப்பான லிங்க்கை அழுத்திய அக்கவுண்ட்ஸ்காரர் திட்டுக்குப் பயந்து மறைத்தால், உள்ளே வந்தவன் நிதானமாகத் தன் வேலையைப் பார்ப்பான். "தப்பு பண்ணிட்டேன், கொஞ்சம் வந்து பாருங்க" என்று ஒருவர் கூச்சப்படாமல் உங்களைத் தேடி வருகிறாரே, இந்தத் தொழிலின் திருப்தி அதில்தான் இருக்கிறது. வீட்டிலேயே அதைச் சம்பாதிக்காமல் துறையைக் குறை சொல்கிறீர்கள்.

இனி அந்த 'ஒன்றுமில்லை'க்கு வருவோம். 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கிளிஃப் ஸ்டோல் என்ற வானியலாளர் அதை 'ஒன்றுமில்லை' என்று மூடிவிடாமல் துரத்தினார். கடைசியில் சிக்கியவன், திருடிய தகவலை சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்த ஜெர்மானியன். டெவலப்மென்ட்டுக்குப் போனாலும் இந்தத் துரத்தும் வேலை உங்களை விடாது. 2024இல் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் ஒளித்துவைத்த கள்ள வழியைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஒரு டெவலப்பர்தான். லாகின் அரை நொடி தாமதமானது அவருக்கு உறுத்தியது. உங்களுக்கு எதுவுமே உறுத்தவில்லை என்றால், எந்த வேலைக்கு மாறினாலும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

1930இல் புகார் பதிவானதா, வங்கிக்கு எழுத்தில் கொடுத்தாயிற்றா என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நாளைக்கு லீவு போடுங்கள். சைபர் கிரைம் போலீஸிடம் அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போய் உட்காருங்கள். அவர் நடந்ததைச் சொல்லும்போது குறுக்கே திருத்த வேண்டாம். அது மகனின் கடமை; அதை உதவி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் மேனேஜரிடம் பேசி, தாக்குதல் நடந்தால் இறங்கிச் சமாளிக்கும் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் பக்கம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வருடம் அலர்ட் மூடியது போதும். கொடுக்கவில்லையென்றால் வேறு கம்பெனி பாருங்கள்.