துரோகம் என்று யார் சொன்னது?

கேள்வி: டொனால்ட் ட்ரம்ப் பழமைவாதக் கட்சி வேட்பாளர், வியாபாரிகளின் நண்பர் என்றார்கள். அவர் வென்றபோது எங்கள் ஊரில் மகிழ்ந்தவர்களும் உண்டு. கடைசியில் நம் ஏழை இலங்கையின் பொருட்கள் மீது 44 சதவீத இறக்குமதி வரியைப் போட்டாரே, இது துரோகம் இல்லையா?
- வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: கொடுத்த வாக்கை மீறினால் துரோகம். இவர் வாக்கைக் காப்பாற்றித் தொலைத்துவிட்டார். இறக்குமதியாகும் எல்லாப் பொருளுக்கும் 10 முதல் 20 சதவீதம், சீனப் பொருளுக்கு 60 சதவீதம் என்று 2024 தேர்தல் மேடைகளில் ஊரறியச் சொன்னார். அகராதியிலேயே அழகான சொல் அந்த வரிதான் என்றும் சொன்னார். நாம் அவருடைய தலைமுடியையும் நடனத்தையும் கைபேசியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

'பழமைவாதி' என்ற பட்டத்தை நம்பிவிட்டீர்கள். தடையற்ற வர்த்தகம் என்று முழங்கிய ரீகனும் அதே குடியரசுக் கட்சிதான். சின்னம் யானை. யானை என்றதும் நம் ஊர் யானையை நினைத்துக்கொண்டீர்களோ என்னவோ!

அந்த 44 எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவுக்கு நாம் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டொலருக்கு விற்கிறோம், பெரும்பகுதி ஆடை. அங்கிருந்து வாங்குவது 40 கோடியைத் தொடாது. இந்த இடைவெளியை நாம் விற்கும் தொகையால் வகுத்தால் 88 சதவீதம். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அதையே 'இலங்கை விதிக்கும் வரி' என்று பலகையில் காட்டி, பாதியாக்கி, 44 என்றார்கள். சாதாரண தரப் பரீட்சையில் இப்படிக் கணக்குச் செய்த பிள்ளைக்கு நம் ஆசிரியர்கள் முட்டைதான் போடுவார்கள். விடியுமுன் செங்கலடிச் சந்தியில் சோற்றுப் பார்சலோடு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு இந்த வகுத்தல் தெரியாது. மேலதிக நேர வேலை நின்றால் தெரியும்.

வெளிநாடுகளுக்குப் பணத்தை இனாமாகக் கொடுக்கக் கூடாது, கடனாகவே கொடுக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியிலேயே எழுதியவர் ட்ரம்ப். 2025 ஜூலை 1ஆம் திகதி அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. பொத்துவில் பக்கம் போனால் அறுகம்பைப் பாலத்தைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் பணத்தில் கட்டியது. பாலம் நிற்கிறது, கட்டியவர் இல்லை.

குடியேறிகளை நாடுகடத்துவேன், கருக்கலைப்பை மாநிலங்களே தீர்மானிக்கட்டும் என்பதிலும் ஒளிவுமறைவு கிடையாது. அவருடைய கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மாகாணங்களுக்குக் காணி, பொலிஸ் அதிகாரம் கொடுப்பது பற்றிக் கல்லடியில் தமிழில் ஒன்றும் கம்பஹாவில் சிங்களத்தில் இன்னொன்றும் பேசுகிற நம்மவர்களுக்கு வாக்களித்துப் பழகிய நாம், துரோகம் என்ற சொல்லை அவர் மீது வீணாக்க வேண்டாமே.

வரி பிறகு இறங்கியது. ஏப்ரலில் 44, ஜூலையில் 30, ஓகஸ்ட்டில் 20. சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசியது போல. இதை மட்டும் அவர் மேடையில் சொல்லவில்லை.