கூர்நோக்கு இல்லத்திலிருந்து பையன் வீடு திரும்பினால்: கேள்வி பதில்

பதில் சொல்பவர், ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர் (வழக்கில் சிக்கிய சிறுவர்களைக் கண்காணித்து வழிநடத்துபவர்). கூர்நோக்கு இல்லம் என்பது அப்படிப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடம்.

ராணிப்பேட்டை அம்மா: செல்போன் பறிப்பு வழக்கில் என் மகனுக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது. வயது 16. அவனைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடட்டுமா?

வண்டி ஓட்டியது யாரும்மா? பின்னால் உட்கார்ந்து பறிப்பது பையன், ஓட்டுவது ஏரியா அண்ணன். "நீ மைனர்டா, உன்னை உள்ளே வைக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 83-ஆவது பிரிவில் அந்த அண்ணனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். இதை வக்கீல் மூலம், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சொல்லுங்கள். அந்த அண்ணன் வெளியில் சுற்றினால் பாட்டி ஊர் நல்லதுதான். ஆனால் குழுமத்திடம் கேட்காமல் அனுப்பாதீர்கள், வாய்தா தவறினால் ஜாமீனுக்கே ஆபத்து.

எங்கே இருந்தாலும் சாயங்காலம் கவனம். தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்கும், இவன் செருப்பைத் தேடுவான். அதற்குள் டியூஷனோ, கபடியோ, மெக்கானிக் வகுப்போ ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். தலைமை ஆசிரியரை முதல் வாரமே நேரில் பாருங்கள்.

தேனி: பின்னாளில் வேலைக்கு இந்த வழக்கு இடைஞ்சலா?

இல்லை. சிறுவயது வழக்கால் பிறகு எதற்கும் தகுதி போகாது என்கிறது அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு. 16 வயதுக்கு மேல் பெரியவர்போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

கரூர்: அரசுத் தேர்வு எழுதலாமா?

மேலே பார்க்கவும். உங்கள் கேள்வியிலிருந்த பையன் பெயரையும் பள்ளியையும் நீக்கச் சொல்லிவிட்டேன். அடையாளத்தை வெளியிடுவது 74-ஆவது பிரிவில் குற்றம். பெற்றவரே போட்டாலும்தான்.

ஒரு ஆசிரியர்: முரட்டுப் பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பயம் வருமே?

வரும், இரண்டு நாளைக்கு. 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளே பையன்களை நிறுத்திவைத்துக் கத்தி மிரட்டினார்கள். ஒரே பாராட்டு. பிறகு பல இடங்களில் பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, கூட்டிப்போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். போனவர்கள்தான் அதிகம் தப்பு செய்தார்கள். தயவுசெய்து வேண்டாம் சார்.

சேலம்: கொலை செய்தவனும் மூன்று வருஷத்தில் வெளியே வருவான். இதெல்லாம் சட்டமா?

ஈரோடு: 16 வயசுப் பையனைப் பெரிய ஜெயிலில் போட்டால் ரவுடியாகத்தான் வருவான்.

சேலம்: செத்தவர் வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். சேலம் சொல்லும் கோபம் நியாயம், தகவல்தான் பாதி. மூன்று வருஷம் என்பது குழுமம் தரும் உச்சம். 16 முடிந்தவன் கொடிய குற்றத்தில் சிக்கினால், 15-ஆவது பிரிவில் அவன் மன, உடல் திறனையும் விளைவு புரிந்து செய்தானா என்பதையும் குழுமம் மதிப்பிட்டு, வேண்டுமானால் பெரியவர்போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அமெரிக்காவில் இப்படிப் பெரியவர்களின் கோர்ட்டுக்குப் போன பையன்கள்தான் திரும்பத் திரும்ப மாட்டினார்கள் என்று 2007-இல் அங்கே ஒரு நிபுணர் குழு சொன்னது. அடுத்த வீட்டில் சாவு விழக்கூடாது என்றுதான் நானும் பேசுகிறேன்.

சேலம்: ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி.

திருச்சி: போலீஸ் வேலைக்குப் பிரச்சினை வருமா?

24-ஆவது பிரிவு! தேனிக்குச் சொன்னதைப் படியுங்கள். அப்புறம், கேள்வியோடு போட்ட பையன் போட்டோவை நீக்குங்கள்.

விருதுநகர்: கஞ்சாவை எப்படி விட வைப்பது?

அது டாக்டர் விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வேலூர் அப்பா: நன்னடத்தை அலுவலரிடம் மாசம் ஒரு கையெழுத்துதானே? நானே போட்டுவிட்டு வரட்டுமா?

அவர் பார்க்க வேண்டியது பையனை. அவனையும் கூட்டிப் போங்கள், பத்து நிமிஷம் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.