ஒழுக்கம் கெட்ட கதாபாத்திரங்களை எப்படிப் படிப்பது?

கெட்டவனைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்கள். சரி, எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவின் ‘லோலிடா’ நாவலை (1955) எடுத்துக்கொள்வோம். கதைசொல்லி ஹம்பர்ட், 12 வயதுச் சிறுமியைச் சீரழித்தவன். காவலில் இருந்தபடி, நம்மை ஜூரிகளாக்கி வாக்குமூலம் எழுதுகிறான். நடை அவ்வளவு அழகு, நாமே மயங்கிவிடுவோம். அங்கேதான் உஷாராக வேண்டும். அவள் பெயர் டோலரஸ். ‘லோலிடா’ அவன் சூட்டியது. அவள் தரப்பு நம்மிடம் நேராக வருவதே இல்லை. ஆனால் தான் தூங்குவதுபோல் நடித்த ஒவ்வொரு இரவும் அவள் விசும்பினாள் என்று ஓரிடத்தில் அவனே உளறிவிடுகிறான். அவன் கட்டிய காதல் கதை அந்த ஒரு வரியில் சரிகிறது. என்னைக் கேட்டால், இரண்டாம் முறை படிக்கும்போது அவன் எதை ஜோடிக்கிறான், எதை அவசரமாகத் தாண்டுகிறான் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.