ஹென்ரிக் க்ரூத் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

போலந்து ஐஸ் ஹாக்கின்னாலே எனக்கு முதல்ல வர்ற பேரு ஹென்ரிக் க்ரூத். டிஃபென்ஸ்மேனா, அதாவது தடுப்பாட்டக்காரரா, 4 ஒலிம்பிக்ஸ் ஆடினவர், அப்புறம் சுவிட்சர்லாந்துல பசங்களுக்குக் கோச். நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வரிசையா பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, யாரு இவரு? பேரே கேள்விப்பட்டதில்ல.

1957ல கடோவிட்சேல பிறந்தவர். போலந்தோட தெற்குல சிலேசியா, முழுக்க நிலக்கரிச் சுரங்க ஊருங்க, அங்க கிளப்புகளை நடத்தினதே சுரங்கங்கதான். ஜி.கே.எஸ் கடோவிட்சேங்கிற கிளப் பேருலயே சுரங்கத் தொழிலாளர்னு இருக்கு. அப்போ போலந்துல கம்யூனிஸ்ட் ஆட்சி, பேருக்கு எல்லாரும் அமெச்சூர், அதாவது காசு வாங்காம ஆடுறவங்க, அதனால பிளேயர் பேரு சுரங்கத்துச் சம்பளப் பட்டியல்ல இருக்கும், ஆள் இருக்கிறது ஐஸ்ல. கடோவிட்சேல ஆடிட்டு அப்புறம் ஜாக்வெம்பியே சோஸ்னோவியெத்ஸுக்குப் போனார். பிரினிட்சா ஆத்தைத் தாண்டினா அந்த ஊர், பக்கத்துல இருந்தாலும் ரெண்டு பக்கத்துக்கும் ஆகவே ஆகாது. அந்த கிளப் 80ல இருந்து 83 வரைக்கும் தொடர்ந்து நாலு தடவை, அப்புறம் 85ல ஒரு தடவை லீக் ஜெயிச்சது.

கேள்வி: 1976ல சோவியத்தைத் தோற்கடிச்ச போலந்து டீம்ல இவரும் இருந்தாரா ப்ரோ?

இல்ல, அது இவருக்கு முந்தின செட். அந்த மேட்ச் இவரோட சொந்த ஊர்லயே, ஸ்போடெக் அரங்கத்துலதான் நடந்துச்சு, 6-4. வியெஸ்வாவ் யோப்சிக் மட்டும் 3 கோல். ஆனா பாருங்க, அதே உலகக் கோப்பையிலேயே போலந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. அவ்ளோ பெரிய டீமை ஜெயிச்சும் இறங்கினாங்கன்னா, க்ரூத் வந்து சேர்ந்த டீம் எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சிருக்கும்.

கேள்வி: சார், கோல் அடிக்கிறவங்களைத்தானே எல்லாரும் பேசுவாங்க. டிஃபென்ஸ்மேன்கிட்ட என்ன பெருசா இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சோவியத், செக்கோஸ்லோவாக்கியா, ஸ்வீடன் மாதிரி டீமுங்க எதிர்ல வந்தா போலந்து கிட்ட பக் (ஐஸ்ல அடிச்சு ஆடுற ரப்பர் வட்டு) இருக்கிறதே கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் துரத்தல். அங்க டிஃபென்ஸ்மேன் பின்னால ஸ்கேட் பண்ணிக்கிட்டே எதிர்ல ஃபுல் ஸ்பீடுல வர்றவனுக்கும் தனக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி விடணும்னு ஒவ்வொரு வினாடியும் கணக்குப் போடணும், ரொம்ப விட்டா ஷாட் அடிப்பான், ரொம்ப நெருங்கினா தாண்டிப் போயிடுவான், அதுக்கப்புறம் கோல் கீப்பர் தனியா நிப்பார். பக் கைக்கு வந்ததும் பயத்துல சும்மா தூக்கி அடிக்காம முதல் பாஸைச் சரியா கொடுக்கணும், அது தப்பினா மறுபடி முதல்ல இருந்து தடுக்கணும். இதை உலகத்துலயே பெஸ்ட் டீமுங்களுக்கு எதிரா 200க்கு மேல இன்டர்நேஷனல் மேட்ச்ல பண்ணினவர் இவர். கோல் கணக்குல இதெல்லாம் வரவே வராது.

கேள்வி: 4 ஒலிம்பிக்ஸ்ல ஒரு மெடலாவது?

இல்லங்க. 1980 லேக் பிளாசிட், 84 சரயேவோ, 88 கால்கரி, 92 ஆல்பர்ட்வில். 80ல முதல் மேட்ச்லயே ஃபின்லாந்தை 5-4னு ஜெயிச்சாங்க, அப்புறம் நெதர்லாந்து கிட்ட தோத்து 7வது இடம். மனசுல நிக்கிறது கால்கரிதான். சொந்த மண்ணுல ஆடின கனடா கிட்ட வெறும் 1-0ல தோத்தாங்க, ஸ்வீடனோட 1-1 டிரா. அதுதான் சார் டிஃபென்ஸ். ஃபிரான்ஸை 6-2னு ஜெயிச்சதும் ஒரு பிளேயர் ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினதால அந்த வெற்றியையே எடுத்துட்டாங்க, கடைசில 10வது இடம். மத்த பிளேயர்ங்க நிலைமையை யோசிச்சா இப்பவும் கஷ்டமா இருக்கும் எனக்கு.

கேள்வி: அப்போ பெரிய வெற்றியே கிடையாதா?

1986 மாஸ்கோ உலகக் கோப்பை. முந்தின வருஷம் சாம்பியனான செக்கோஸ்லோவாக்கியாவை முதல் நாளே 2-1னு அடிச்சாங்க. போலந்துக்காரங்க இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுற ஸ்கோர் இது. ஆனா முடிவுல கடைசி இடம், திரும்ப கீழ. 79, 86, 89, 92 நாலு தடவையும் இதே கதைதான், மேல ஏறின உடனே இறங்கிடுவாங்க.

கேள்வி: ஏன் ஐரோப்பா பெரிய லீக்குகளுக்கு இளமையிலேயே போகல?

விடமாட்டாங்க. நல்ல பிளேயர் கிட்டத்தட்ட 30 வயசை நெருங்கி, தேசிய டீமுக்கு உழைச்சு முடிச்சப்புறம்தான் வெளிநாடு போக அனுமதி கிடைக்கும். இவர் ஜூரிச் எஸ்.சி கிளப்புக்குப் போனதும் அப்படித்தான். அப்போ சுவிஸ் லீக்ல ஒரு டீமுக்கு ரெண்டு வெளிநாட்டுக்காரங்கதான், பெரும்பாலும் கோல் அடிக்கிறவங்களைத்தான் எடுப்பாங்க. அந்த ரெண்டுல ஒரு இடத்தை டிஃபென்ஸ்மேனுக்குக் கொடுத்தாங்கன்னா அவர் மேல எவ்ளோ நம்பிக்கை இருந்திருக்கணும்!

கேள்வி: கோச்சா எப்படி? போலந்துல ஏன் இல்ல?

ஆடி முடிச்சதும் ஜூரிச்லயே ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க உக்காந்துட்டார், வருஷக்கணக்கா. 1997ல ஜூரிச் எஸ்.சியும் கிராஸ்ஹாப்பர் கிளப்போட ஹாக்கி பிரிவும் சேர்ந்து இசட்.எஸ்.சி லயன்ஸ் ஆச்சு, பசங்களை வளர்க்கிறதுக்கு குஸ்னாக்ட்ல ஜி.சி.கே லயன்ஸ்னு தனி டீம். அந்த ஏற்பாட்டுல இருந்து வந்தவங்கதான் வட அமெரிக்காவோட பெரிய லீக்கான என்.ஹெச்.எல்ல ஆடுற யோனாஸ் சீகன்தாலர், பியூஸ் சூட்டர் எல்லாம். அவங்களை இவர் ஒருத்தரே உருவாக்கினார்னு சொல்லல, பல கோச்சுங்க வேலை அது. ஆனா சுவிஸ்காரங்க செஞ்சது இதான்: பெரிய பேர் வாங்கினவங்களைச் சின்னப் பசங்ககிட்ட அனுப்பி, நல்ல சம்பளம் கொடுத்து, நிலையா வச்சுக்கிட்டாங்க. சுவிட்சர்லாந்து 2013, 2018, 2024, 2025ல உலகக் கோப்பை ஃபைனல் வரைக்கும் போனதுக்கு இந்த ஜூனியர் வேலைதான் அடித்தளம்னு நான் உறுதியா நம்புறேன். அந்த அறிவு போலந்துப் பசங்களுக்குக் கிடைச்சிருக்கணும், ஆனா 90கள்ல சுரங்கங்க நொடிச்சுப்போக கிளப்புகளுக்குக் காசே நின்னுடுச்சு, அங்க யாரால யாரை வச்சுக்க முடியும்?

கேள்வி: விருது ஏதாவது?

2006ல சர்வதேச ஐஸ் ஹாக்கி ஃபெடரேஷனோட ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. மெடலே இல்லாம ஒருத்தர் அங்க போறது சாதாரண விஷயம் இல்ல.

கேள்வி: இப்போ போலந்து எப்படி இருக்கு?

92க்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ்ல ஆடவே இல்ல. உலகக் கோப்பை டாப் டிவிஷனுக்கு 2002ல வந்து இறங்கினாங்க, அப்புறம் 22 வருஷம் கழிச்சு 2024ல செக் நாட்டு ஆஸ்ட்ராவாவுல. போலந்து எல்லைக்குப் பக்கம்தானே, ரசிகர்ங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க, லாட்வியாவை ஓவர்டைம் வரைக்கும் இழுத்து 5-4ல தோத்தாங்க. கடைசில மறுபடி இறங்கிட்டாங்க. அந்த லாட்வியா மேட்ச் எங்கயாவது கிடைச்சா முழுசா பாருங்க.